இரண்டு சாண் பச்சை

ஜிஹான்பேய்லிக்குத் தெற்கே
தார்ச்சாலை முடிந்து எட்டு கிலோமீட்டர்.
ஏப்ரல் கடைசி. மழை தப்பவில்லை,
யூரியாவும் போட்டாயிற்று.
பெய்தது, போட்டது எல்லாம் போன இடம் தெரியாமல்
கணுக்காலளவில் நிற்கிறது கோதுமை.
இலை நடுவே வெந்நீர் பட்ட மாதிரி வெளிறல்,
அந்த இடத்தில் மடிந்து, நுனி தரையைப் பார்க்கிறது.

ரஃபெத் என்னை வயலுக்குள் கூட்டிப்போகவில்லை.
நேரே மையவாடிக்கு நடந்தார்.

ஊர்ப்பணத்தில் போட்ட கம்பிவேலி,
இரண்டு பனிக்காலம் கண்டும் வெள்ளி மங்காதது.
அதன் அடியில், வேலி போகிற தூரமெல்லாம்,
இரண்டு சாண் அகலத்துக்கு
முழங்காலைத் தொடும் கரும்பச்சை.
தச்சன் நூல் சுண்டியதுபோல் நேர்க்கோடு.

"ஊரில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா?" என்று
தொடங்கி நிறுத்திக்கொண்டார்.
தெரியும். டீக்கடையிலேயே சொல்லிவிட்டார்கள்,
உள்ளே இருப்பவர்கள் தருகிறார்கள் என்று.

மண் எடுத்தேன். இலை நறுக்கினேன்.
காகிதப் பைகளில் எண் எழுதினேன்.
அவர் மனைவி மூனிரே
வேலி மடங்கும் மூலையில் நின்றிருந்தாள்.
அங்கே கபர் சிறியது.
கல்லில் பிறப்புக்கும் இறப்புக்கும் ஒரே வருடம்.
என் கத்தரிக்கோலையே பார்த்தவள்
"கொஞ்சமாக வெட்டு" என்றாள்.

மூன்று வாரம் கழித்துத் தாள் வந்தது.
துத்தநாகம்.
மண்ணில் அது இல்லாமல் இல்லை,
பேரப்பிள்ளைகள் விதைத்தாலும் தீராத அளவு
கிடக்கிறது அடியில்.
சுண்ணாம்பு விடமாட்டேன் என்கிறது.
பத்தாயம் நிறைந்த வீடு, சாவி இல்லை,
வாசலில் பட்டினி.
ஒரு கிலோ மண்ணில் வேருக்கு எட்டுவது
ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு.

அடுப்படியில் உட்கார்ந்து படித்துக்காட்டினேன்.
வேலிக் கம்பிக்குத் துத்தநாகப் பூச்சு,
மழை அதைக் கழுவிக் கழுவி
சொட்டுச் சொட்டாய் அடியில் விட்டிருக்கிறது,
அவ்வளவுதான் என்றேன்.
ரஃபெத் தொடையில் தட்டிச் சிரித்தார்.
மூனிரே ரொட்டி மூடும் துணியை மடித்தாள்.
மடித்ததை மறுபடி மடித்தாள்.
நான் பேசிக்கொண்டே போனேன்:
எக்டேருக்கு எத்தனை மூட்டை,
விதைக்கு முன்னா பின்னா,
இலைமேல் தெளித்தால் மணியில் எவ்வளவு ஏறும்,
அந்த ரொட்டி தின்னும் பிள்ளைகளுக்கு எவ்வளவு.
பிள்ளைகள் என்ற சொல்
வாயைவிட்டுப் போன பிறகுதான் காதில் விழுந்தது.
கையில் தாள் இருப்பவன்
இடையில் நிறுத்துவதில்லை.

அக்டோபரில் மூட்டைகள் வந்தன.
எக்டேருக்கு நூறு கிலோ சல்பேட்,
சீனிபோல் வெள்ளை, நாக்கில் வைத்தால் குமட்டும்.
ரஃபெத்தின் டிராக்டர் வேலியை நெருங்கியபோது
அவள் கை காட்டி நிறுத்தினாள்.
"இங்கே வேண்டாம். இது வாங்கிவிட்டது."
ரஃபெத் என்னைப் பார்த்தார்.
நோட்டில் எழுதினேன்:
வேலியோரம், ஒப்பீட்டுக்காக விடப்பட்டது.
ஏற்கெனவே உரம் குடித்த மண்ணை
எந்த மடையன் ஒப்பீட்டுக்கு விடுவான்?
மேலதிகாரி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூனில் போனேன்.
இடுப்பளவு.
காற்று ஒரு பக்கமாய்ப் படுக்கவைத்து
மறுபக்கமாய் எழுப்பிக்கொண்டிருந்தது.
ரஃபெத் எண்களாய்ப் பேசினார்,
போன வருடம் இவ்வளவு, இந்த வருடம் இவ்வளவு,
கடன், டயர், மூத்தவன் கல்யாணம்.

மூனிரே பயிருக்குள் தனியே நின்றாள்.
கையால் விலக்கி விலக்கிப்
பார்த்துக்கொண்டே வந்தாள்.
"எங்கே அது?"

வேலி இருந்தது. கோடு இல்லை.
எங்கும் அதே உயரம், அதே கரும்பச்சை.
கம்பங்களை எண்ணி
ஒன்பதாவதைக் காட்டினேன், இங்கிருந்து என்று.
காட்டியது சரியா, தெரியாது.

அவள் ஒரு கதிரைக் கிள்ளினாள்.
உள்ளங்கையில் கசக்கி, உமி ஊதி,
ஒரு மணியை நகத்தால் அழுத்தினாள்.
வெள்ளையாய்க் கசிந்தது.

"பால் பிடித்துவிட்டது" என்றாள்.
முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு
வீட்டுப் பக்கம் நடந்தாள்.